உப்பில்லாத ஊர்ப்பட்டியல்கள்

மலையும் கடலும் வாய்த்த மாநிலம் நம்முடையது. அதனால் வார இணைப்பிதழ்களுக்கும் சுற்றுலாக் கையேடுகளுக்கும் ஒரு சரக்கு ஓயாமல் கிடைத்துக்கொண்டிருக்கிறது: ‘நீங்கள் பார்த்தே ஆகவேண்டிய அழகிய சிற்றூர்கள்’. சில வேளை ஏழு ஊர், சில வேளை பத்து. மேற்கே கோத்தகிரியும் வால்பாறையும், தெற்கே கானாடுகாத்தான், கிழக்கே தரங்கம்பாடி, அப்புறம் ‘பாண்டிச்சேரிக்கு அருகே’ ஏதோ ஒன்று. ஒவ்வோர் ஊருக்கும் நான்கு வரி. அந்த நான்கு வரிக்குள் ‘அமைதி தவழும்’, ‘மாசுபடாத’, ‘காலம் உறைந்த’ என்னும் மூன்று அடைமொழிகளும் முறைவைத்து வந்துபோகும். கூடவே ஒரு படம். படத்தில் ஆள் இருக்கமாட்டார். இருந்தால் முதுகு காட்டி நிற்கும் பயணியாக இருப்பார்.

இந்தப் பட்டியல்கள்மீது எங்களுக்கு ஒரு வழக்கு உண்டு. ஓர் ஊரை அழகென்று சொல்லி அங்கே ஆளனுப்புகிறவர், அவ்வூரின் பெயரையும், அங்கே யார் என்ன வேலை செய்து உயிர் வாழ்கிறார்கள் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது எங்கள் கட்சி. இவ்விரண்டையும் விட்டுவிட்டு அழகை மட்டும் பேசுவது வழிகாட்டல் ஆகாது; மனை விற்கிறவர் பேச்சு அது. பயணப் பத்திரிகைக்காரர்களோடு இலக்கிய வாசகர்களுக்கு என்ன தகராறு என்று கேட்கலாம். ஊருக்கு ஆளனுப்பும் கலையை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தெடுத்த மொழி நம்முடையது என்பதால்தான் இத்தகராறு. அந்த வகையின் மிக நேர்த்தியான நூல்களுள் ஒன்று நடக்கும் நிலமும், பட்டியல்காரர்கள் ‘பாண்டிச்சேரிக்கு அருகே’ என்று கடந்துபோகும் நிலமும் ஏறத்தாழ ஒன்றே என்பது இன்னொரு காரணம்.

அந்த நிலத்தை இரும்பையிலிருந்து தொடங்குவோம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். செம்மண் மேட்டில் ஓர் ஏரியும் ஒரு சிவன் கோயிலும் கொண்ட ஊர். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் ‘இரும்பை மாகாளம்’ என்று பாடிய தலம். பதிகம் இரண்டாம் திருமுறையில் இருக்கிறது. உஜ்ஜயினி, காவிரிக் கரையின் அம்பர் மாகாளம், இரும்பை என மாகாளங்கள் மூன்று என்பது சைவ மரபு. பக்கத்திலேயே ஒழிந்தியாப்பட்டு, அதுவும் பாடல் பெற்ற தலம், பழம்பெயர் அரசிலி. மேற்கே சென்றால் திருவக்கரை. அங்கே செம்பியன் மாதேவி எடுப்பித்த கற்றளியும், கல்லாகிப்போன பெருமரங்கள் கிடக்கும் தேசியப் பூங்காவும் உண்டு. இரும்பையிலிருந்து கிழக்கே இறங்கினால் கடல். கடலோரமாக வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போனால் மரக்காணம், அதன் உப்பளங்கள், அவற்றை ஒட்டிக் கிடக்கும் கழுவேலி. இவ்வளவும் அரை நாள் பயணத்துக்குள் அடங்கும்.

இதில் எது பட்டியலில் வருகிறது என்று பாருங்கள். இரும்பை ‘ஆரோவில் அருகிலுள்ள கிராமம்’ ஆகிவிடுகிறது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாழியிலிட்டுத் தொடங்கப்பட்ட ஓர் ஊருக்கு, ஏழாம் நூற்றாண்டிலேயே பாட்டில் ஏறிய ஓர் ஊர் ‘அருகில்’ இருக்கிறதாம். எது எதற்கு அருகில் என்பதைத் தீர்மானிப்பது தொலைவு அன்று. குயிலாப்பாளையம் சென்று தேநீர் குடித்துவிட்டு வருகிறவர் ஆரோவில் போய்வந்தேன் என்கிறார். குயிலாப்பாளையம் என்ற பெயரை அவர் பேருந்து நிறுத்தத்தில்கூடப் படிப்பதில்லை.

கடற்கரையில் கதை இன்னும் மோசம். கோட்டக்குப்பத்தை அடுத்த தந்திராயன்குப்பம் மீனவர் ஊர். அதன் கரைக்கு இன்று பயணிகள் வழங்கும் பெயர் ‘செரினிட்டி பீச்’. அமைதிக் கடற்கரை என்று பொருளாம். விடியலில் வலை இழுத்து, ஏலம் கூவி, மீன் கூடைக்கு மல்லுக்கட்டும் ஒரு குப்பத்தின் கரைக்கு அமைதி என்று பெயர் வைக்க, அந்தக் குப்பத்தின் சத்தத்தைக் காதில் வாங்காத ஒருவரால்தான் முடியும். பெயர் மாற்றம் சிறிய விஷயம் என்று தோன்றக்கூடும். அரசாங்கம் ஒரு தெருவின் பெயரை மாற்றினால் நாம் கூட்டம் போடுகிறோம், கட்டுரை எழுதுகிறோம். ஓர் ஊரின் கரையே பெயர் மாறிப்போனதைப் பற்றி நம்மவர் எழுதிய பயணக் கட்டுரைகளிலும் ‘செரினிட்டி பீச்’ என்றே அச்சாகிறது.

அந்தக் கரையில் எடுக்கப்படும் படங்களில் தவறாமல் வருவன, கடலுக்குள் நீண்டு கிடக்கும் கருங்கல் வரிசைகள். அலைச்சறுக்கு விளையாடுவோரும் அவ்விடத்தை விரும்புகிறார்கள். அக்கற்கள் எப்படி வந்தன? நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி, அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கென அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. மணல் தெற்கே தேங்கியது. வடக்கே கரை பசித்தது. முதலில் புதுச்சேரி நகரத்துக் கடற்கரை காணாமல் போயிற்று. அங்கே கல் கொட்டினார்கள். உடனே அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்ந்தது: கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஊர் ஊராக. ஒவ்வோர் ஊரிலும் கல் போடப் போட, அதற்கு வடக்கே உள்ள ஊரின் மணல் குறைந்தது. வீடுகள் விழுந்தன, தென்னைகள் சாய்ந்தன, படகு ஏற்றி வைக்கவும் வலை உலர்த்தவும் இருந்த மணற்பரப்பு போயிற்று. பயணியின் படத்தில் அழகாக விழும் கருங்கல் வரிசை, ஒரு குப்பத்தின் காயத்துக்குப் போட்ட கட்டு. 2018இல் நகரத்துக் கடற்கரைக்கு மணலை மீட்கச் செயற்கைப் பாறைத்திட்டு ஒன்றை அமைத்தார்கள். மணல் ஓரளவு திரும்பியது. அந்த மணலில் மாலைக் காற்று வாங்குகிறவர்களுக்கு, வடக்கே நான்கைந்து கிலோமீட்டரில் நிற்கும் மீனவர் வீட்டுச் சுவரைப் பற்றி நான்கு வரிகளில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

இரும்பைக்குத் திரும்புவோம். இவ்வூருக்கு ஒரு கதை உண்டு. பட்டியலில் ஒரு வரி இடம் கிடைத்தால் அக்கதைக்குத்தான் கிடைக்கிறது. கடுவெளிச் சித்தர் அரசமரத்தடியில் தவமிருந்தார். நாட்டில் பஞ்சம். தவத்தின் வெம்மையே காரணம் என்று கருதிய அரசன் தவத்தைக் கலைக்க ஆடல்மகள் வள்ளியை ஏவினான். தவம் கலைந்தது, மழை பெய்தது. கோயில் விழாவில் ஆடும்போது வள்ளியின் காற்சிலம்பு கழன்றது. சித்தர் எழுந்து சென்று அதை அவள் காலில் பூட்டினார். ஊர் சிரித்தது. சித்தர் பாடினார், கருவறையின் இலிங்கம் மூன்றாக வெடித்தது. இன்றும் அது செப்புத் தகட்டால் கட்டப்பட்டே பூசை கொள்கிறது.

இப்போது சொல்லப்படும் வடிவத்தில் ஒரு பிற்சேர்க்கை வருகிறது. சித்தரின் சாபத்தால் நிலம் பொட்டலாயிற்று; தொலைதூர நாட்டார் வந்து பசுமையாக்கும்வரை சாபம் நீங்காது; பிறகு அவர்கள் வந்தார்கள், ஆரோவில் பிறந்தது. அழகான முடிப்பு. இக்கதையில் இரும்பைக்காரர்களுக்குக் கிடைத்த வேலை என்ன? சிரிப்பது, சாபம் வாங்குவது, மீட்பருக்காகக் காத்திருப்பது. இவ்வளவுதான்.

ஆரோவில் மேட்டைப் பசுமையாக்கிய பணியைக் குறைத்துப் பேச எங்களுக்கு விருப்பமில்லை. அரிப்பில் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்த செம்மண்ணில் வரப்புக் கட்டி, மழைநீரைத் தேக்கி, இப்பகுதிக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்களைத் தேடி நட்டு வளர்த்தது பெருஞ்செயல். அயலிலிருந்து வந்தவர்கள் அதற்குத் தம் இளமையைக் கொடுத்தார்கள். ஆனால் அந்த வரப்புகளுக்கு மண் வெட்டிச் சுமந்தவர்களில், கன்றுக்குக் குடம் குடமாய் நீர் ஊற்றியவர்களில் குயிலாப்பாளையத்தாரும் கோட்டக்கரையாரும் இடையன்சாவடியாரும் எத்தனை பேர்? கூலிக்குச் செய்தார்கள் என்பதால் அது அவர்கள் செயல் இல்லை என்றாகிவிடுமா? தஞ்சைக் கோயிலை இராசராசன் கட்டினான் என்று எழுதும் பாடப்புத்தகத்தைக் கேலி செய்யும் முற்போக்கு எழுத்தாளர்கள், இந்தக் காட்டைப் பற்றி எழுதும்போது அதே பாடப்புத்தக நடையில்தான் எழுதுகிறார்கள்.

இனி மரக்காணம். பட்டியல்காரர் இங்கே வண்டியை நிறுத்துவது உப்புப் பாத்திகளில் வானம் தெரிவதால். ‘கண்ணாடி நிலம்’ என்று ஒரு பெயரும் சூட்டியாகிவிட்டது. சூரியன் எழும் வேளையே படம் எடுக்க உகந்தது என்று ஒரு குறிப்பும் கொடுப்பார்கள். உண்மைதான், அவ்வேளையில் ஒளி நன்றாக இருக்கும். ஆனால் வெயிலுக்கு அஞ்சி உப்பளத்தில் வேலை தொடங்குவதும் இருட்டோடு, விடியலுக்கு முன்னே. ஆகவே, ஆளில்லாத கண்ணாடி நிலத்தைப் படம்பிடிக்க விரும்புகிறவர் ஒரு சிரமத்தை ஏற்கவேண்டும்: பாத்திக்குள் குனிந்து நிற்கும் ஆண்களையும், கூடை சுமந்து வரப்பில் நடக்கும் பெண்களையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளவேண்டும். அந்தச் சிரமத்தை ஏற்றுத்தான் அத்தனை படங்களும் எடுக்கப்படுகின்றன.

உப்பு எப்படி விளைகிறது என்பதை நான்கு வரியில் சொல்ல முடியாது. சற்று விரிவாகவே சொல்கிறோம். மழை ஓய்ந்து தை பிறந்ததும் அளத்தைத் திருத்தும் வேலை தொடங்கும். மழையில் கரைந்த வரப்புகளை எடுத்துக்கட்ட வேண்டும். பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கவேண்டும். இறுகாத தரையில் நீர் கீழே போய்விடும், உப்பில் சேறு கலந்துவிடும். பிறகு உவர்நீரைப் பெரிய பாத்தியில் விட்டு வெயிலில் காயவைத்து, அடர்த்தி ஏற ஏற அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றவேண்டும். கடல்நீரின் அடர்த்தி ‘பாமே’ அளவில் சுமார் 3 டிகிரி. அது 25ஐ நெருங்கும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். 29ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து உப்பு கசக்கும். அதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிடவேண்டும். இந்த நான்கு டிகிரி இடைவெளிக்குள் இருக்கிறது நம் சமையற்கட்டின் சுவை. தழும்பேறிய காலும், நீரின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லும் கண்ணும் இவ்வேலைக்கு வேண்டும். விளைந்ததை வாரிக் குவித்து, நீர் வடிய விட்டு, சுமந்து கரையேற்றி, அம்பாரமாக்கவேண்டும். சித்திரை, வைகாசியின் வெயில் உப்புக்கு உகந்தது. வேலை செய்கிறவருக்கோ மேலே வெயில், கீழே வெண்மையின் எதிரொளி, காலில் உவர்நீரின் அரிப்பு. நடுவில் ஒரு கோடைமழை பெய்தால் பாத்தியில் கிடக்கும் உப்பு அத்தனையும் கரைந்து, மறுநாள் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்தால் அளம் ஏரியாகிவிடும். அடுத்த தை வரை கூலி இல்லை.

இத்தொழில் இங்கே நேற்று வந்தது அன்று. வெள்ளையர் ஆட்சியில் சென்னைக்கு உப்பும் விறகும் படகில் சென்ற பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணந்தான். சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட பூமீசுவரர் கோயில் ஊருக்குள் இருக்கிறது. கொஞ்சம் வடக்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை; 1750இல் முசாபர் சங் அதைத் துய்ப்ளேக்குக் கொடுத்தார், 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தனர். நாணயச் சாலை நடந்த துறைமுகம் அது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு அவ்வூர்ப் பெயர் பழக்கம். இப்போது அது ‘இடிபாடுகளும் கடலும் சேரும் இரம்மியமான இடம்’.

மரக்காணம் என்ற பெயர் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்த தருணங்களையும் நினைவுபடுத்திக்கொள்வோம். 2013 ஏப்ரலில் சாதி வன்முறையில் வீடுகள் எரிந்தபோது வந்தது. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டபோது வந்தது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் இக்கரையைக் கடந்து, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும் வந்தது. அதாவது, சாகும்போது ஊருக்குப் பெயர் உண்டு; அழகாக இருக்கும்போது அது ‘பாண்டிச்சேரி செல்லும் வழியில்’. இவ்விரண்டுக்கும் இடையே ஆண்டின் முந்நூற்றுச் சொச்ச நாள்கள் உப்பு விளைகிறது, மீன் படுகிறது. அதை எழுத ஆளில்லை.

இங்கேதான் சிறுபாணாற்றுப்படையைத் துணைக்கு அழைக்கிறோம். பத்துப்பாட்டுள் ஒன்று, 269 அடிகள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்பது மரக்காணத்துக்கு வடக்கே கழிக்கும் கடலுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் நிலம். இன்றும் அதே பெயரில் ஒரு பேரூராட்சி இருக்கிறது. ஆக, புலவர் உள்ளூர்க்காரர். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். பரிசில் பெற்று வந்த பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு வழி சொல்கிறான்: எயிற்பட்டினம், வேலூர், ஆமூர். எயிற்பட்டினம் மரக்காணத்துப் பகுதி என்றும், வேலூர் இன்றைய உப்புவேலூர் என்றும் அறிஞர் பலர் கொள்வர். நம் பட்டியல்காரர் காரில் கடக்கும் அதே வழி.

அந்தப் பாணன் எப்படி வழி சொல்கிறான்? ஒவ்வோர் ஊரையும் அங்கே சோறு போடுகிறவர்களைக் கொண்டு சொல்கிறான். பட்டினத்தில் நுளைமகள் வடித்த கள்ளையும், சுட்ட குழல்மீனையும் பரதவர் தருவர். வேலூரில் எயினர் குலப் பெண்கள் புளி பெய்து ஆக்கிய சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் உழவர் வீட்டுப் பெண் உலக்கையால் குற்றிய அரிசிச் சோற்றோடு நண்டுக் கறி தருவாள். கடல், காடு, வயல் என நிலம் மாறுவது உணவு மாறுவதால் தெரிகிறது; உணவு மாறுவது அதை ஆக்குகிற கை மாறுவதால். கொற்கையைச் சொல்லும் இடத்தில் உப்பு வணிகரான உமணர் வருகிறார்கள். அவர்கள் வளர்த்த மந்தி, முத்தைக் கிளிஞ்சிலுக்குள் இட்டுப் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. அழகு இல்லையா இதில்? எங்களுக்குத் தெரிந்து இதைவிட அழகான ஊர்க்காட்சி தமிழில் அதிகமில்லை. உமணரும் அவர்தம் பிள்ளைகளும் அதற்குள் இருக்கிறார்கள்.

‘ஆற்றுப்படையும் விளம்பரந்தானே, வள்ளலின் புகழ் பாடித்தானே ஆளனுப்புகிறது’ என்று ஒரு மறுப்பு எழலாம். விளம்பரந்தான். ஆனால் அதே பாட்டில், பயணத்துக்கு முன்னர் அந்தப் பாணன் வீடு எப்படி இருந்தது என்பதும் வருகிறது. கூரை சிதைந்த அடுக்களையில் காளான் பூத்திருக்கிறது. ஈன்ற நாய் தன் குட்டிகளுக்குப் பால் கொடுக்க வலுவின்றிக் குரைக்கிறது. பசியால் மெலிந்த மனைவி குப்பைமேட்டில் கிள்ளிய வேளைக் கீரையை உப்புக்கூட இல்லாமல் வேகவைத்து, புறம் பேசுவோர் கண்ணில் படக்கூடாதென்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். உப்பு விளையும் கரையிலிருந்து வந்த புலவர், வறுமையின் அடையாளமாக உப்பில்லாத கீரையைச் சொல்லத் தேர்ந்தார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். விளம்பரப் பாட்டுக்குள் இதை வைக்க அவருக்குத் துணிவு இருந்தது. விளம்பரப் பணம் பெறாமலே எழுதும் நம் பயணக் கட்டுரையாளர்களுக்கு அது ஏன் இல்லாமற்போயிற்று?

எல்லாரையும் ஒரே கோலால் அடிக்கவில்லை. ஏ.கே. செட்டியார் எழுதினார். சிட்டியும் தி. ஜானகிராமனும் ‘நடந்தாய் வாழி காவேரி’ எழுதினார்கள். அதில் ஆற்றைப் போலவே மனிதர்களும் வருவார்கள். உப்பளத்தை எழுதுவதற்கும் முன்னோடி இருக்கிறது: ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி அளங்களுக்கு நேரே சென்று பழகி ‘கரிப்பு மணிகள்’ எழுதினார், ஸ்ரீதரகணேசன் ‘உப்பு வயல்’ எழுதினார். நாமும் படித்தோம், பாராட்டினோம். ராய் மாக்ஸமின் ‘உப்பு வேலி’ தமிழில் வந்தபோது வெள்ளையன் நம் உப்புக்கு வரி போட்ட கொடுமையை எண்ணி நெகிழ்ந்தோம். மலைக்கும் இதே கதைதான். ‘எரியும் பனிக்காடு’ படித்துத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணிகளைச் சபித்த வாசகர்களே, விடுமுறைக்கு வால்பாறை போய் வந்து பச்சைக் கம்பளம் என்று எழுதுகிறார்கள். படித்த நாவல் ஒரு அலமாரியிலும், போன ஊர் இன்னொரு அலமாரியிலுமாக இருக்கின்றன.

பயணிகள் வந்தால்தானே ஊருக்கு வருமானம், நீங்கள் அதையும் கெடுக்கிறீர்களே என்பார் சிலர். வருமானம் வரட்டும். பொம்மையார்பாளையத்தில் அறை வாடகைக்கு விட்டும் தானி ஓட்டியும் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வாயில் மண் போடுவது எங்கள் நோக்கமன்று. ஆனால் எந்தப் பெயரில் ஆள் வருகிறாரோ அந்தப் பெயருக்கே வருமானம் போகும். ‘செரினிட்டி’யைத் தேடி வருகிறவர் அந்தப் பெயர்ப்பலகை வைத்த விடுதிக்குப் போவார், தந்திராயன்குப்பத்தில் மீன் விற்கும் பெண்ணிடம் போகமாட்டார். வேறு மாதிரி நடந்ததற்கும் சான்று இருக்கிறது. பிரான்சின் கெராந்த் உப்பளங்களை 1970களில் உல்லாசப் படகுத்துறைக்கும் சாலைக்கும் விழுங்கப் பார்த்தார்கள். உப்பளத்தார் எதிர்த்து நின்றார்கள், கூட்டுறவு அமைத்தார்கள். 2012இல் அவர்கள் உப்புக்கு ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று அங்கே போகிற பயணி, உப்பு எடுக்கிறவர் தம் வேலையை விளக்குவதைக் கேட்கக் கட்டணம் செலுத்துகிறார். அவ்வளவு தூரம் போகவேண்டாம். 2021இல் உலகச் சுற்றுலா அமைப்பு சிறந்த சுற்றுலா ஊர்களுள் ஒன்றாகத் தெலங்கானாவின் போச்சம்பள்ளியைத் தேர்ந்தது. அவ்வூரைச் சொன்னால் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதன் நெசவு. மரக்காணத்து உப்போ பெயரில்லாத மூட்டையில் ஏறி, வேறு யாருடைய பெயரிலோ நம் வீட்டுக்கு வருகிறது.

இன்னொரு கேள்வி கழுவேலியைப் பற்றியது. 2021 டிசம்பரில் ஐயாயிரம் எக்டேருக்கு மேற்பட்ட இச்சதுப்பு நிலம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நல்ல செய்தி. இனி பறவை பார்ப்போர் வருவார்கள். பட்டியலில் ஓர் இடமும் உறுதி. வலசை வரும் பறவையின் அறிவியல் பெயரைப் பிழையின்றி எழுதும் அதே கட்டுரை, கழிக்கரையில் தூண்டிலோடு நிற்கிறவரின் ஊர்ப்பெயரையும் பிழையின்றி எழுதட்டும். இதைத்தான் கேட்கிறோம். இது பேராசையா?

போக விரும்புகிறவர்கள் போகவேண்டும்; நாங்கள் தடுக்கவில்லை. திண்டிவனம் சாலையில் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கினால் இரும்பை பக்கம். கோயிலில் கேட்டால் சித்தர் கதையைச் சொல்வார்கள். பிற்சேர்க்கை இல்லாமல் சொல்லச் சொல்லிக் கேட்கவும். கடற்கரையில் ‘செரினிட்டி’ எங்கே என்று கேட்காமல் தந்திராயன்குப்பம் எங்கே என்று கேளுங்கள். வழி இன்னும் விரைவாகக் கிடைக்கும். கழுவேலியில் பறவைகள் கூடுவது மழைக்காலம் தொடங்கி மாசி வரை. உப்பு வேலை தை, மாசியில் தொடங்கும். இரண்டையும் ஒரே நாளில் காணவேண்டுமானால் மாசியில் செல்வது நலம். அளத்துக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போகவும். வரப்போடு நடக்கவேண்டும், பாத்திக்குள் இறங்கக்கூடாது. மிதித்து இறுக்கிய தரையில் ஒரு செருப்புத் தடம் விழுந்தால், அதை நிரவ ஒருவர் மறுபடியும் மிதிக்கவேண்டியிருக்கும்.